எலுமிச்சம்பழத்துக்கு அடியில் ஒரு தாள்

மேல் மாடிக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டதும், பக்மல் கையிலிருந்த பாத்திரத்தைப் பிடித்தபடியே தன் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். ரகமீமின் காலடி அவளுக்குத் தெரியும். வீடு வீடாக காஸ் சிலிண்டர் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன நடை அது. இடது கால் படியில் கனமாக விழும், வலது கால் லேசாக விழும். அவள் கதவுக்கு நேராக வந்ததும் அந்த நடை கொஞ்சம் தயங்கியது. பிறகு அவசரமாக இறங்கிப் போயிற்று. கீழே தெருக்கதவு அடித்துக்கொண்டது. அவள் மனதுக்குள் ஐம்பது வரை எண்ணிவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

கடன் வாங்கியவன் ஒளிந்துகொள்வதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். எங்கள் தெருவில் கடன் கொடுத்தவள் ஒளிந்துகொண்டிருந்தாள். திருப்பித் தர வழியில்லாதவன் எதிரில் கொடுத்தவர் போய் நிற்கக் கூடாது, அது அவன் கழுத்தைப் பிடிப்பதற்குச் சமம் என்று பக்மலின் அப்பா சமர்கந்தில் இருந்த காலத்திலேயே சொல்லுவார். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டவள். ஆறு மாதமாக இப்படித்தான் மாடிப்படியில் காது வைத்து வாழ்கிறாள்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. புருஷன் இல்யாவ் இறந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. தெருவின் கடைசியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, வியாழனும் வெள்ளியும் சனிக்கிழமை ஓய்வுநாளுக்கான சாப்பாடு சமைத்து விற்கிறாள். கொத்தமல்லியும் கல்லீரலும் போட்ட பச்சைச் சோறு, பூண்டுச் சாறு ஊற்றிய வறுத்த மீன், ராத்திரி முழுக்க அடுப்பில் கிடந்து சிவந்த முட்டை. சேர்த்து வைத்தது இருபத்தோராயிரம் ஷெக்கல். போன குளிர்காலத்தில் ரகமீமின் வண்டியில் கியர் பெட்டி உடைந்து, ஒரு வாரத்துக்குள் வண்டி ஓடாவிட்டால் காஸ் ஏஜென்சிக்காரன் அவன் தெருக்களை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவான் என்று ஆனபோது, அதைத்தான் எடுத்துக் கொடுத்தாள். வட்டி என்ற பேச்சே இல்லை. யூதர்களான எங்களுக்குள் வட்டி என்பது பன்றி இறைச்சி மாதிரி, தொடக் கூடாதது. ஒரு தாளில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டான். பஸ்கா பண்டிகைக்குள் தருவதாகச் சொன்னான்.

பஸ்காவுக்கு முந்தின நாள் வெறுங்கையோடு வந்து நின்றான். மனைவி நவா மூன்றாவது பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள், வேலைக்குப் போக முடியவில்லை. அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் பக்மல் சொன்னாள்: “தேதியெல்லாம் நெனச்சுக்கிட்டு இருக்காதப்பா. கைக்கு வரும்போது குடு.”

அந்த ஒரு வார்த்தைதான் பிறகு அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

புத்தாண்டுக்கு முந்தின ஏலூல் மாதத்தில் அறையின் சொந்தக்காரர் ஷம்மாய் வந்தார். மாத வாடகை வாங்கி வாங்கி அலுத்துவிட்டது, செல்போன் கடை வைக்க ஒருவன் ஆறு மாத வாடகையை முன்னாலேயே தருகிறேன் என்கிறான், அவளும் அப்படித் தந்தால் அவளுக்கே, இல்லையென்றால் கூடாரப் பண்டிகை முடிந்ததும் காலி செய்ய வேண்டும் என்றார். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு. ஆறு மாதத்துக்கு எவ்வளவு என்று அவள் காகிதத்தில் போட்டுப் பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. கடவுள் கணக்குப் போட்டு வைத்த மாதிரி அதே தொகை. ரகமீமிடம் கேட்கலாம் என்று இரண்டு முறை மாடிப்படி வரை போனாள். இரண்டு முறையும் மேலேயிருந்து பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டாள். புத்தாண்டு போகட்டும், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

புத்தாண்டு போயிற்று. வியாழக்கிழமை காலை அறையில் இல்யாவின் தங்கை யாஃபா கேரட் சீவிக்கொண்டிருந்தாள். கேரட்டைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும் அவளுக்கு. பேச்சு வாக்கில், நிலத்தைத் தரிசாக விடவேண்டிய ஏழாம் வருஷம், விடுதலை வருஷம், ஒருவழியாக முடிந்தது, இனிமேல் காய்கறி வாங்கும்போது எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம் என்றாள். பிறகு, தன் மருமகளுக்குக் கொடுத்த நாலாயிரம் அந்தரத்தில் போய்விடும் என்று பயந்து, அவ்ராம் மளிகைக் கடையில் வைத்திருந்த தாளில் தானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததைச் சொன்னாள்.

பக்மலின் கத்தி நின்றது. “எந்தத் தாள்ல?”

“அதான் அண்ணி, கடன் தாள். ஏழாம் வருஷம் முடியறப்போ குடுத்த கடனெல்லாம் தானா கழிஞ்சு போயிடுமே. கழியக் கூடாதுன்னா கடனை மதக் கோர்ட்டுக் கையில ஒப்படைச்சிட்டதா எழுதிக் குடுக்கணும். பொம்பளைங்களுந்தான். நீங்க போடல?”

பக்மலுக்கு அந்தத் தாள் தெரியும். நன்றாகவே தெரியும். புத்தாண்டுக்கு முந்தின வாரம் அவ்ராம் கடையில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. வரிசையாகப் பெயர்கள், ஒரு பால்பாயின்ட் பேனா. பஸ் நிறுத்தத்தை மாற்றக் கூடாது என்று ஏதோ மனு எழுதுகிறார்கள் என்று நினைத்தாள். மின்விசிறிக் காற்றில் பறக்கப் பார்த்தது. அவள்தான் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள். வைத்துவிட்டு எண்ணெய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே நாட்களில் இல்யாவ் ஜெப ஆலயத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அவள் அப்போது மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்கவில்லை. கூடாரத்துக்கு ஓலை வாங்குவது மாதிரி, அது ஆண்கள் பார்த்துக்கொள்கிற காரியம் என்று இருந்தாள். இந்த முறை பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. இல்லாமல் போன ஒருவர் எந்தெந்த இடத்தில் இல்லை என்று ஒரேயடியாகத் தெரிந்துவிடுவதில்லை. அவள் கேரட்டுத் தோலைக் கூட்டி அள்ளினாள். அள்ளியதை மறுபடி தரையிலேயே போட்டாள்.

“சும்மா போட்டதா சொல்லிடுங்க அண்ணி, யார் வந்து தேடப் போறா” என்றாள் யாஃபா. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேரட்டைக் குனிந்து சீவ ஆரம்பித்தாள்.

வேலை முடிந்ததும் கையிலிருந்த பூண்டு வாசனை போகாமலே, சட்டம் தெரிந்த மதகுருவான ரப்பியின் வீட்டுக்குப் போனாள். ரப்பி வயதில் அவளைவிடச் சின்னவர். மேசை முழுக்கப் புத்தகங்களும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளும். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பக்மல் எல்லாவற்றையும் சொன்னாள். ரப்பி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். ஒவ்வொன்றும் திறக்கிற கதவு போலத்தான் இருந்தது, கையை வைத்தால் பூட்டியிருந்தது. அடகு ஏதாவது வாங்கினாளா? பக்கத்து வீட்டுக்காரனிடம் அடகு கேட்பார்களா. அவனுக்கு நிலம் உண்டா? அவனுக்கு வண்டியே கடனில் ஓடுகிறது. கடைசியாகக் கேட்டார், திருப்பித் தருவதற்குத் தேதி ஏதாவது பேசினார்களா, புத்தாண்டுக்குப் பிந்தின தேதி?

“தேதியை நெனக்காதன்னு நாந்தான் சொன்னேன் ரப்பி.”

ரப்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த ஊரில் பிளம்பர் முதல் பல் டாக்டர் வரைக்கும் எல்லாரும் எல்லாவற்றையும் புத்தாண்டுப் பண்டிகைக்கு அப்புறம் என்றுதான் தள்ளிப்போடுவார்கள். அந்தச் சோம்பேறித்தனமான வார்த்தையை அவளும் அன்றைக்குச் சொல்லியிருந்தால் கடன் கழிந்திருக்காது. தேதி இல்லாத கடனுக்கு முப்பது நாள் கெடு. கெடு முடிந்து ஏழாம் வருஷமும் முடிந்துவிட்டால் கடன் இல்லை.

பிறகு ரப்பி தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: “ஒருவேளை நீங்க எழுதி வச்சிருந்து, அந்தத் தாள் எங்கயாவது தொலைஞ்சு போயிருக்குமோம்மா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. உள்ளே ஒரு குழந்தை பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அப்படிக் கேட்க வேண்டும் என்பதும் சட்டம்தான் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. தொலைந்துவிட்டது என்று கொடுத்தவர் சொன்னால் அதை நம்ப வேண்டும், மேலே துருவக் கூடாது, சாட்சி கேட்கக் கூடாது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. அடுப்பு, அறை, சுவரில் இல்யாவ் அடித்துக் கொடுத்த கரண்டி ஆணிகள், வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவில் நெருக்கியடிக்கும் ஜனம் எல்லாம் அந்த வார்த்தைக்கு அந்தப் பக்கம் இருந்தன. அவள் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

“இல்ல ரப்பி,” என்றாள். “அந்தத் தாள் பறக்காம இருக்கட்டும்னு எலுமிச்சம்பழத்த எடுத்து மேல வச்சதே நாந்தான்.”

ரப்பி தலையை ஆட்டினார். இனி அவள் கேட்கக் கூடாது என்றார். வாயால் மட்டுமில்லை, ஆள் விட்டும் கேட்கக் கூடாது. அவனாகக் கொண்டுவந்தால், முதலில் அவள் விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு அவன், இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளலாம். அப்படிக் கொடுக்கிறவனை நினைத்துச் சட்டம் எழுதிய பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

“அப்படிச் சொல்லணும்னு அவனுக்குத் தெரியுமா?”

“முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.”

அவள் எழுந்துகொண்டாள். வாசல் வரை வந்த ரப்பி, அவள் செருப்பு மாட்டுகிற வரைக்கும் நின்றுவிட்டு, “விட்டுட்டேன்னு சொன்ன உடனே கதவைச் சாத்திடணும்னு சட்டத்துல எங்கயும் இல்லம்மா” என்றார்.

யாஃபா விஷயத்தைக் கேட்டதும், நவாவின் காதில் தானே போட்டுவிடுவதாகச் சொன்னாள். நீ சொன்னால் நான் சொன்ன மாதிரிதான் என்று பக்மல் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சின்னச் சின்ன விஷயமெல்லாம் பெரிய கஷ்டமாயிற்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரகமீம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு டப்பா பச்சைச் சோறு கொடுப்பது அவள் வழக்கம். இந்த வெள்ளிக்கிழமை டப்பாவை நிரப்பி மூடி போட்ட பிறகு அதை வெறித்துக்கொண்டு நின்றாள். கொடுத்தால் ஞாபகப்படுத்துகிற மாதிரி. கொடுக்காமல் விட்டால் கோபம் காட்டுகிற மாதிரி. கல்லீரலைக் கூட வைத்தால் ஒரு அர்த்தம், குறைத்து வைத்தால் ஒரு அர்த்தம். கடைசியில் எப்போதும் போலவே வைத்து, பையை அவர்கள் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, திருடி மாதிரி கீழே ஓடி வந்தாள். நவாவுக்குப் போன வாரம்தான் பிரசவம் ஆகியிருந்தது. பச்சைப் பிள்ளை அழுகிற சத்தம் கதவு வழியாகக் கேட்டது.

அலமாரியில் தசமபாக டப்பா இருந்தது. சம்பாதிப்பதில் பத்தில் ஒன்றை வாரா வாரம் அதில் போடுவாள். மாதம் அறுநூறு ஷெக்கல் சேரும். அதில் இரண்டு வயதான பெண்களுக்குக் கோழியும் விளக்கு எண்ணெயும் போகிறது. போன பணத்தைத் தசமபாகமாக வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு நாள் நினைத்தாள். முப்பத்தைந்து மாதம். கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்குக் கடவுளுக்கு முன்பணம் கட்டியாயிற்று. அந்த நினைப்பில் அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு அந்த இரண்டு பெண்களும் முப்பத்தைந்து மாதம் என்ன சாப்பிடுவார்கள் என்று நினைத்துச் சிரிப்பு நின்றது. அந்த வாரத்துப் பங்கை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே போட்டுவிட்டாள்.

பாவநிவிர்த்தி நாளுக்கு முந்தின மத்தியானம் எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பார்கள். தெருவில் போகிறவர்கள்கூடக் கேட்பார்கள். பக்மல் குப்பை கொட்டிவிட்டு ஏறி வருகையில், எத்தனை மாதமாகத் தப்பித்து வந்தவளோ, ரகமீமின் எதிரில் நேராக மாட்டிக்கொண்டாள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, “நான் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிருங்க அக்கா. சொன்ன சொல்லைக் காப்பாத்தல” என்றான்.

மன்னித்தாயிற்று என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். சொன்னாள். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. அவன் எதற்கு மன்னிப்புக் கேட்டான்? தாமதத்துக்கா, கடனுக்கா? மூன்று தடவை மன்னித்ததைக் கடனையே மன்னித்ததாக எடுத்துக்கொண்டிருப்பானோ? ஓடிப் போய் விளக்கம் சொல்லவும் முடியாது. சொன்னால் அதுவே கேட்டதாகிவிடும். மறுநாள் முழுக்க உபவாசம். ஜெப ஆலயத்தில் பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றபோது, வருஷம் முழுக்கச் செய்த பாவங்களை நினைத்து அழுகிற இடத்தில் அவள் ஷம்மாயையும் செல்போன் கடையையும் நினைத்து அழுதாள். பிறகு அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். ஒரு கட்டத்தில், பணம் வராவிட்டாலும் போகட்டும், மாடிப்படியில் அவனைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிற மனசு மட்டும் எனக்கு வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அதை வேண்டிய பிறகும் பணம் வேண்டும் என்று உள்ளே ஒரு குரல் விடாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

கூடாரப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொடங்குகிறது. அன்றைக்கு மத்தியானம் தெருவெல்லாம் சுத்தியல் சத்தம். ஒவ்வொரு பால்கனியிலும் பலகையும் துணியும் ஓலையுமாகக் கூடாரம் எழும்பிக்கொண்டிருந்தது. ஷம்மாய் காலையில் வந்து, அறையை ஒரு தரம் சுற்றிப் பார்த்து, சுவரைக் கையால் தட்டிவிட்டுப் போயிருந்தார். நல்ல பண்டிகையாக இருக்கட்டும் என்று மரியாதையாகத்தான் சொன்னார். அவர் போன பின் பக்மல், கரண்டி ஆணிகள் எத்தனை என்று ஒரு தடவை எண்ணினாள். பதினொன்று.

வீட்டுக்கு வந்து கடைசி மீனைப் பூண்டுச் சாற்றில் போட்டுக்கொண்டிருந்தபோது படியில் காலடி கேட்டது. கனம், லேசு, கனம், லேசு. கீழேயிருந்து ஏறி வந்தது. வழக்கம்போல அவள் அசையாமல் நின்றாள். ஆனால் இந்தத் தடவை காலடி தயங்கியதோடு போகவில்லை. நின்றுவிட்டது. கதவு தட்டப்பட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு திறந்தாள். ரகமீம் ஒரு தோளில் டயப்பர் கட்டும், கையில் ரப்பர் வளையம் போட்ட பழுப்பு உறையுமாக நின்றான். அவன் பின்னால் ஜன்னல் இல்லாத படிக்கட்டில், ஸ்விட்சை அமுக்கினால் சில நிமிஷம் மட்டும் எரிகிற விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“ஏஜென்சியில வருஷ போனஸ் குடுத்தாங்கக்கா. பண்டிகைக்கு ஓவர்டைமும் சேர்த்து. முழுசா இருக்கு. எண்ணிப் பாத்துக்கங்க” என்று உறையை நீட்டினான்.

பக்மல் உறையைப் பார்த்தாள். மூலையில் எண்ணெய்க் கறை இருந்தது. தன் கை தானாக முன்னால் போவது தெரிந்து அதை மறு கையால் பிடித்துக்கொண்டாள். அவள் சொல்ல வேண்டியதைப் பத்து நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். ஆனாலும் குரல் யாருடையதோ போல வந்தது.

“நான் விட்டுட்டேன் ரகமீம்.”

அவனுக்குப் புரியவில்லை. “என்னக்கா?”

“ஏழாம் வருஷம் முடிஞ்சு போச்சு. நான் தாள் எழுதி வைக்கல. அதனால கடன் கழிஞ்சு போச்சு. நீ எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

அவன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான். சிரிக்கப் போகிறவன் மாதிரி வாய் திறந்தது. சிரிப்பு வரவில்லை. அவன் கண் உறைக்குப் போயிற்று, உறையிலிருந்து மேல் மாடிக்குப் போயிற்று. மேலே பச்சைப் பிள்ளை அழ ஆரம்பித்தது. நவாவின் குரல் படி வழியாக இறங்கி வந்தது: “வந்துட்டீங்களா? சீக்கிரம் மேல வாங்க, இங்க டயப்பர் ஒண்ணுகூட இல்ல.” நீட்டின கை மெதுவாகத் தாழ்ந்தது. மூன்று பிள்ளைகள், கடனில் ஓடும் வண்டி, ஏறிக்கொண்டே போகும் வாடகை. இருபத்தோராயிரம் ஒரு மனிதன் கண்ணுக்கு முன்னால் எப்படியெல்லாம் மாறும் என்று பக்மலுக்குத் தெரியும். அவளும் பத்து நாளாக அதையே பார்த்துக்கொண்டிருந்தவள்தான். அவன்மேல் கோபம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். பயம்தான் இருந்தது. அந்தப் பயம் அவன் முகத்திலும் இருந்தது.

“சட்டமே அப்படிச் சொல்லுதாக்கா?” என்றான் தாழ்ந்த குரலில்.

“ஆமாப்பா.”

அதற்கு மேல், இருந்தாலும் என்று ஒரு வார்த்தை இருந்தது. அது அவன் சொல்ல வேண்டிய வார்த்தை. அவள் நாக்கின் நுனியில்தான் இருந்தது, ஆனால் அவளுடையது இல்லை. அவள் கதவைச் சாத்தவில்லை. சாத்த வேண்டும் என்று சட்டம் இல்லை. கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மீன் சட்டியில் எண்ணெய் அடங்கிக்கொண்டிருந்தது. அடுப்படி விளக்கை அணைத்து, வெயிலுக்காக ஜன்னல் கதவையும் சாத்திவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

அப்போது நேரம் முடிந்து படிக்கட்டு விளக்கு அணைந்தது.

இருட்டில் அவன் முகம் போய்விட்டது. தெருவில் யாரோ கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர் வளையம் ஒரு தரம் சின்னதாகச் சொடுக்கியது. டயப்பர் கட்டு தோளிலிருந்து தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. மேலே ஏறுகிற காலடி கேட்கவில்லை. எதிர்ச் சுவரில், விளக்கு ஸ்விட்சுக்குள் எரியும் சிவப்புப் புள்ளி மட்டும் கடுகளவு தெரிந்தது. பக்மல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரல் வந்து அதை மறைத்தது.